அளவறிந்த அமிலம்: ஹைட்ரோகிராக்கிங் வினையூக்கிகளின் வரலாறு

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் முதலில் வாயுக்களும், அடுத்து நாப்தாவும், பின்னர் மண்ணெண்ணெயும் டீசலும் வரிசையாகப் பிரிகின்றன. கடைசியில் அடியில் தங்குவது கருத்த, கெட்டியான எண்ணெய். இதை வெற்றிடத்தில் மறுபடியும் வடித்தால், ஏறத்தாழ 350 முதல் 550 பாகை செல்சியஸ் வரை கொதிக்கும் கன வடிபகுதி கிடைக்கிறது. இதன் மூலக்கூறுகள் பெரியவை. பெரும்பாலும் இருபதுக்கும் மேற்பட்ட கார்பன் அணுக்களைக் கொண்டவை. இதை அப்படியே காரிலோ விமானத்திலோ ஊற்றி ஓட்ட முடியாது. இந்தப் பெரிய மூலக்கூறுகளை உயர் அழுத்த ஹைட்ரஜனில், வினையூக்கியின் துணையோடு சிறிய மூலக்கூறுகளாக வெட்டும் முறையே ஹைட்ரஜன் பிளப்பு. எண்ணெய்த் துறையில் இது ஹைட்ரோகிராக்கிங் என்றே வழங்குகிறது.

இம்முறையில் மூலக்கூறை வெட்டுவது எது? பெயரைப் பார்த்து ஹைட்ரஜன் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் வெட்டும் வேலையைச் செய்வது வினையூக்கியின் மேற்பரப்பிலுள்ள அமிலம். குடுவையில் ஊற்றி வைக்கும் கந்தக அமிலம் போன்ற திரவம் அன்று இது. களிமண்ணிலும் ஜியோலைட்டிலும் இருக்கும் திண்ம அமிலம். இந்த அமிலத்தைக் கண்டுகொள்ளவே சில பத்தாண்டுகள் ஆயின. அதை அடக்கி ஆளக் கற்றுக்கொள்ள மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. வலிமையான அமிலத்தைத் தேடியவர்கள், காலப்போக்கில் அளவான அமிலத்தைத் தேடத் தொடங்கினார்கள். அந்த மாற்றத்தின் வரலாறே இக்கட்டுரை.

வெப்பம் மட்டுமே கத்தியாக இருந்த காலம்

எண்ணெயை வெப்பத்தால் பிளக்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் சூகொவ் 1891ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமை பெற்றார். தொழிற்சாலை அளவில் இதை வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர் அமெரிக்காவின் இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் பர்ட்டன். அவருடைய காப்புரிமை 1913ஆம் ஆண்டுக்கு உரியது. அந்நாளில் மோட்டார் கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. கச்சா எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் பெட்ரோல் போதவில்லை. பர்ட்டனின் முறை அந்தப் பற்றாக்குறையைத் தணித்தது.

ஆனால் வெப்பத்துக்கு எங்கே வெட்டுவது என்ற நிதானம் கிடையாது. கடும் வெப்பத்தில் கார்பன்–கார்பன் பிணைப்பு நடுவில் அறுந்து, இரு பக்கமும் ஒற்றை எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள் உண்டாகின்றன. அவை மேலும் மேலும் உடைந்து மீத்தேன், ஈத்தேன் போன்ற வாயுக்களைத் தருகின்றன. மறுபக்கம் கரி படிகிறது. விரும்பிய பெட்ரோல் குறைகிறது. கிடைப்பதன் தரமும் சுமார்தான்.

இதற்கு மாற்று தேடியவர்களில் ஒருவர் கல்ஃப் நிறுவனத்தின் ஆல்மர் மெக்காஃபி. அவர் 1915ஆம் ஆண்டில் அலுமினியம் குளோரைடைக் கொண்டு எண்ணெயைப் பிளந்து காட்டினார். 1877இல் பிரீடலும் கிராஃப்ட்சும் தங்கள் புகழ்பெற்ற வினைக்குப் பயன்படுத்திய அதே பொருள் இது. இன்றைய மொழியில் சொன்னால் வலிமையான லூயி அமிலம். வினை நன்றாகவே நடந்தது. ஆனால் அலுமினியம் குளோரைடு எண்ணெயின் கனமான பகுதிகளோடு கலந்து பிசுபிசுத்த கசடாகிவிடும். அதை மீட்பது கடினம். புதிதாக வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். அமிலம் எண்ணெயை வெட்டும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அமிலம் கரைந்தும் கலந்தும் போகாமல் ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும் என்ற சிக்கல் எஞ்சியது.

ஹௌட்ரியும் களிமண்ணும்

இச்சிக்கலைத் தீர்த்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹௌட்ரி. 1892இல் பிறந்த இவர் படித்தது இயந்திரப் பொறியியல். முதல் உலகப் போரில் காயமடைந்தவர். பந்தயக் கார்களில் ஆர்வம் மிக்கவர். பிரான்சில் எண்ணெய் வளம் இல்லை என்பதால் முதலில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க முயன்றார். அது பொருளாதார அளவில் கைகொடுக்கவில்லை. பிறகு கன எண்ணெயின் பக்கம் திரும்பினார். பல பொருள்களைச் சோதித்த பின், 1927இல் சிலிகாவும் அலுமினாவும் கலந்த களிமண் நல்ல பெட்ரோலைத் தருவதைக் கண்டார்.

களிமண் சில நிமிடங்களிலேயே கரி படிந்து சோர்ந்துவிடும். மற்றவர்கள் இதைக் கண்டு கைவிட்ட இடத்தில் ஹௌட்ரி வேறு விதமாக யோசித்தார். கரி படியட்டும், காற்றைச் செலுத்தி அதை எரித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். பல கலன்களை வரிசையாக வைத்து, ஒன்றில் எண்ணெய் பிளக்கும்போது இன்னொன்றில் கரி எரியும்படி அமைத்தார். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற அவர், சன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து 1937இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில் பெரிய ஆலையை இயக்கினார். அங்கிருந்து கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் எண் உயர்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமான எரிபொருளுக்கு இம்முறை பெரிதும் உதவியது. 1942இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் தூள் வினையூக்கியைப் பாய்மம்போல ஓடவிடும் புதிய ஆலை தொடங்கிய பிறகு, பிளப்புத் தொழில் மேலும் வளர்ந்தது.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்வோம். ஹௌட்ரியின் களிமண் தனியாக வேலை செய்தது. ஹைட்ரஜன் இல்லை, உலோகமும் இல்லை. அதனால்தான் அது நிமிடக் கணக்கில் சோர்ந்தது.

உயரழுத்த ஹைட்ரஜன்: ஜெர்மனியின் பாதை

அதே காலத்தில் ஜெர்மனியில் முற்றிலும் வேறொரு பாதை போடப்பட்டுக்கொண்டிருந்தது. நிலக்கரி மிகுந்து, எண்ணெய் இல்லாத நாடு அது. ஃபிரீட்ரிக் பெர்கியுஸ் என்ற வேதியியலாளர் நிலக்கரியை உயரழுத்த ஹைட்ரஜனில் சூடாக்கி எண்ணெயாக்கும் முறைக்கு 1913இல் காப்புரிமை பெற்றார். உயரழுத்த வேதியியலுக்காக அவரும் கார்ல் போஷும் 1931இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் 1927இல் லொய்னாவில் பெரிய ஆலையைத் தொடங்கியது. அங்கே ஆய்வை நடத்தியவர் மத்தியாஸ் பீர்.

நிலக்கரியிலுள்ள கந்தகம் எந்த வினையூக்கியையும் கெடுத்துவிடும் என்பது அன்றைய பொதுவான கருத்து. பீரின் குழு அதை மாற்றியது. கந்தகத்தோடு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாலிப்டினம் சல்பைடு, டங்ஸ்டன் சல்பைடு போன்றவற்றையே வினையூக்கியாக்கினார்கள். கந்தகம் உள்ள சூழலிலும் இவை ஹைட்ரஜனேற்றம் செய்தன.

ஆலையில் வினையூக்கிகளுக்கு எண்களே பெயர்கள். அவற்றில் 5058 என்பது தூய டங்ஸ்டன் டைசல்பைடு. அதன் ஹைட்ரஜனேற்றும் ஆற்றல் மிகுதி. மிகுதியாக இருந்ததே குறையாகவும் ஆயிற்று. நல்ல ஆக்டேன் தரும் அரோமாட்டிக் வளையங்களையும் அது ஹைட்ரஜனால் நிரப்பிவிட்டது. பெட்ரோல் கிடைத்தது, ஆனால் தரம் தாழ்ந்தது. எனவே ஹைட்ரஜன் புளோரைடால் பதப்படுத்திய களிமண்ணின் மீது, பத்தில் ஒரு பங்கு அளவே டங்ஸ்டன் சல்பைடை ஏற்றி 6434 என்ற வினையூக்கியை உருவாக்கினார்கள். உலோக சல்பைடு குறைந்தது. களிமண்ணின் அமிலம் சேர்ந்தது. பெட்ரோலின் ஆக்டேன் எண் உயர்ந்தது.

ஹைட்ரஜனேற்றும் உலோக சல்பைடும் வெட்டும் அமிலமும் ஒரே வினையூக்கியில் திட்டமிட்டுச் சேர்ந்த பழைய எடுத்துக்காட்டு இதுவே எனலாம். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. நிலக்கரி எண்ணெயிலிருந்த நைட்ரஜன் சேர்மங்கள் 6434ஐச் செயலிழக்கச் செய்தன. எனவே முதலில் 5058இல் எண்ணெயைச் சுத்தப்படுத்தி, இரண்டாம் கட்டத்தில்தான் 6434க்கு அனுப்பினார்கள். இன்றைய ஹைட்ரோகிராக்கிங் ஆலைகளின் இரு கட்ட அமைப்புக்கு முன்மாதிரி இது.

இந்தத் தொழில்நுட்பம் நாஜி ஆட்சியின் போர் இயந்திரத்துக்கு எரிபொருள் தந்தது என்பதையும், அந்த ஆலைகளில் கட்டாய உழைப்பாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1944ஆம் ஆண்டு மே 12 அன்று அமெரிக்க விமானங்கள் லொய்னா உள்ளிட்ட செயற்கை எரிபொருள் ஆலைகளின் மீது குண்டுவீசின. போர் முடிந்ததும் நேச நாடுகளின் வல்லுநர்கள் ஆலை ஆவணங்களைத் திரட்டினர். எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுப்பது கட்டுப்படியாகவில்லை. அறிவு மட்டும் காப்பாற்றப்பட்டது.

அமிலம் எப்படி வெட்டுகிறது?

அமிலம் வெட்டுகிறது என்பதற்கு முறையான விளக்கம் 1940களின் இறுதியில்தான் உருவானது. பென்சில்வேனியாவில் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் விட்மோர், கரிம வினைகளில் நேர்மின்சுமை கொண்ட கார்பன் அயனிகள் இடைநிலைப் பொருளாகத் தோன்றுகின்றன என்ற கருத்தை 1930களில் வளர்த்தெடுத்தார். ஷெல் நிறுவனத்தின் கிரீன்ஸ்ஃபெல்டர் குழுவினரும், யூ.ஓ.பி. நிறுவனத்தின் சார்லஸ் தாமசும் 1949இல் அக்கருத்தை எண்ணெய்ப் பிளப்புக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

சான்று விளைபொருள்களிலேயே இருந்தது. பதினாறு கார்பன் கொண்ட ஹெக்சாடெக்கேனை வெப்பத்தால் மட்டும் பிளந்தால் ஒன்றிரண்டு கார்பன் கொண்ட வாயுக்கள் நிறையக் கிடைக்கின்றன. சிலிகா-அலுமினாவின் மீது பிளந்தால் அவை அரிது. மூன்று, நான்கு மற்றும் அதற்கு மேற்பட்ட கார்பன் கொண்டவையே மிகுதி. வெட்டும் இடம் மாறியிருக்கிறது என்றால் வெட்டும் கருவியும் மாறியிருக்க வேண்டும்.

அதன் வழிமுறையை மாணவர்கள் இப்படி நினைவில் கொள்ளலாம். இரட்டைப் பிணைப்புள்ள ஆல்க்கீனுக்கு அமிலம் ஒரு புரோட்டானைத் தருகிறது. கார்பன் நேரயனி உண்டாகிறது. சங்கிலியின் முனையில் நேர்மின்சுமை இருப்பது நிலையற்றது. எனவே அது உள்ளே நகர்கிறது. நேர்ச்சங்கிலி கிளைச்சங்கிலியாக மாறுகிறது. பிறகு, நேர்மின்சுமை உள்ள கார்பனை அடுத்த பிணைப்பு அல்லாமல் அதற்கும் அடுத்த பிணைப்பு அறுகிறது. ஒரு சிறிய ஆல்க்கீனும் ஒரு சிறிய நேரயனியும் பிரிகின்றன. முனையிலுள்ள ஒன்றிரண்டு கார்பன்களை மட்டும் கிள்ளியெடுக்க இந்த வழி இடம் தராததால்தான் மீத்தேனும் ஈத்தேனும் குறைகின்றன. கிளைச்சங்கிலிகள் பெருகுவதால் பெட்ரோலின் ஆக்டேன் எண் உயர்கிறது. டீசலும் குளிரில் எளிதில் உறைவதில்லை.

பழைய நூல்களில் இந்த அயனி கார்போனியம் என்று குறிக்கப்பட்டிருக்கும். இந்த அயனிகளை ஆராய்ந்து 1994இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலா, மூன்று பிணைப்புள்ள இவ்வகையைக் கார்பீனியம் என்று அழைக்க வேண்டும் என்று 1972இல் முன்மொழிந்தார். இரண்டு பெயர்களைக் கண்டு மாணவர்கள் குழம்ப வேண்டாம்.

திண்மப் பொருளில் இந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? சிலிகாவில் ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஆக்சிஜன்களோடு பிணைந்திருக்கிறது. நான்கு இணைதிறன் கொண்ட சிலிக்கனின் இடத்தில் மூன்று இணைதிறன் கொண்ட அலுமினியம் அமர்ந்தால் அந்த இடத்தில் ஒரு எதிர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுசெய்ய ஒரு புரோட்டான் அருகிலுள்ள ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் புரோட்டானே பிரான்ஸ்டட் அமிலம். எலக்ட்ரான் இணையை ஏற்கக் காத்திருக்கும் அலுமினியம் வெளியில் தெரிந்தால் அது லூயி அமிலம். பிளப்பில் முதன்மையான பங்கு பிரான்ஸ்டட் அமிலத்துக்கே.

இருவர் செய்யும் வேலை

ஆல்க்கீன் இருந்தால்தான் அமிலம் எளிதாகப் புரோட்டானைத் தர முடியும். கன எண்ணெயில் இருப்பவையோ பெரும்பாலும் ஆல்க்கேன்களும் வளையச் சேர்மங்களும். இந்த இடத்தில்தான் உலோகம் துணைக்கு வருகிறது. யூ.ஓ.பி. நிறுவனத்தின் விளாதிமிர் ஹேன்சல் பிளாட்டினத்தை அலுமினாவில் ஏற்றி உருவாக்கிய நாப்தா சீர்திருத்த முறை 1949இல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய வினையூக்கிகளில் உலோகமும் அமிலமும் இரண்டு தனி வேலைகளைச் செய்கின்றன என்பதை ஹௌட்ரி நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்ஸ் மில்ஸ் குழுவினர் 1953இல் தெளிவாக எடுத்துரைத்தனர்.

1957இல் பால் வைசும் ஸ்வெக்லரும் இதற்கு எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். பிளாட்டினம் ஏற்றிய, அமிலமற்ற துகள்களைத் தனியாக வைத்தால் ஆல்க்கேன் கிளைச்சங்கிலியாக மாறவில்லை. சிலிகா-அலுமினாத் துகள்களைத் தனியாக வைத்தாலும் மாறவில்லை. இரண்டையும் கலந்து வைத்தபோது வினை நடந்தது. துகள்கள் சிறியவையாக இருந்தால், அதாவது இரண்டும் நெருங்கி இருந்தால், வினை இன்னும் நன்றாக நடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆல்க்கீன் ஒரு துகளிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் செய்கிறது என்பதற்கு இது சான்று.

ஹைட்ரோகிராக்கிங்கும் இப்படியே நிகழ்கிறது. உலோகம் ஆல்க்கேனிலிருந்து ஹைட்ரஜனை நீக்கி ஆல்க்கீனாக்குகிறது. அமிலம் அதைக் கிளைக்கச் செய்து வெட்டுகிறது. வெட்டுண்ட ஆல்க்கீனை உலோகம் மறுபடியும் ஹைட்ரஜனால் நிரப்பி அனுப்புகிறது. இந்தக் கடைசிப் படி மிகவும் தேவையானது. ஆல்க்கீன் அமிலத்தின் மேலேயே தங்கினால் மேலும் மேலும் வெட்டுப்பட்டு வாயுவாகும். அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து கரியாகும். ஹைட்ரஜனும் உலோகமும் உடனிருப்பதால் கரி சேர்வது குறைகிறது. ஹௌட்ரியின் களிமண் நிமிடங்களில் சோர்ந்தது. ஹைட்ரோகிராக்கிங் வினையூக்கி ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து உழைக்கிறது.

1959: புதிய தொடக்கம்

1950களில் அமெரிக்காவின் நிலை மாறியது. நீராவி ரயில் எஞ்சின்கள் மறைந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. தொழிற்சாலைகள் உலை எண்ணெயை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறின. கன எண்ணெய் தேங்கியது. பெட்ரோலுக்கும் ஜெட் எரிபொருளுக்கும் தேவை கூடியது. நாப்தா சீர்திருத்த ஆலைகளிலிருந்து ஹைட்ரஜன் துணை விளைபொருளாக மலிவாகக் கிடைத்தது. ஜெர்மானியரின் பழைய வழிக்கு இப்போது புதிய பொருத்தம் உண்டாயிற்று.

கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் ஐசோகிராக்கிங் என்ற முறையை 1959இல் ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையில் இயக்கியது. யூ.ஓ.பி. நிறுவனம் தன்னுடைய முறையை அடுத்துக் கொண்டுவந்தது. யூனியன் ஆயிலின் யூனிகிராக்கிங் ஆலை 1964இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொடங்கியது.

அதே ரிச்மண்ட் ஆய்வாளர்கள் 1961இல் வெளியிட்ட ஒரு செய்தி அமிலத்தின் நுட்பமான கைவேலையைக் காட்டுகிறது. பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு மெத்தில் தொகுதிகள் கொண்ட சேர்மத்தை, நிக்கல் சல்பைடு ஏற்றிய சிலிகா-அலுமினாவில் செலுத்தினார்கள். வளையம் பெரும்பாலும் உடையவில்லை. அமிலம் மெத்தில்களை இடம் மாற்றிச் சேர்த்து நீண்ட கிளையாக்கி, அதை ஐசோபியூட்டேனாகச் சீவியெடுத்தது. தோலைச் சீவிப் பழத்தைக் காப்பது போன்ற இந்த வினை, வலிமை மட்டும் இருந்தால் நடக்காது. முறையான வரிசையும் வேண்டும்.

அமிலத்தின் பகை: நைட்ரஜன்

கன எண்ணெயில் நைட்ரஜன் சேர்மங்கள் உண்டு. குயினோலின் போன்றவை காரத்தன்மை உடையவை. அமிலத்தைக் கண்டால் காரம் ஒட்டிக்கொள்ளும் என்பது பள்ளிப் பாடம். அதே பாடம் ஆலையிலும் நடக்கிறது; அமில இடத்தைக் காரம் அடைத்துக்கொண்டால் அங்கே வெட்டு நடக்காது. மில்ஸ் குழுவினர் 1950இல் குயினோலினைக் கொண்டு இதை அளந்து காட்டினார்கள். மிகச் சிறிய அளவு குயினோலினே பிளப்புத் திறனைப் பெரிதும் குறைத்தது. வினையூக்கியின் மொத்தப் பரப்பில் உண்மையில் வேலை செய்வது சில அமில இடங்களே என்பதும் இதனால் தெரிந்தது.

எனவே ஆலையில் முதல் கலனில் நிக்கல்-மாலிப்டினம் சல்பைடு வினையூக்கியால் நைட்ரஜனை அம்மோனியாவாகவும் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாகவும் மாற்றுகிறார்கள். அதன் பிறகே எண்ணெய் அமில வினையூக்கியை அடைகிறது. அம்மோனியாவும் காரமே, அதுவும் அமில இடங்களை மறைக்கும். ஆனால் குயினோலின்போல விடாப்பிடியாக ஒட்டாது. வெப்பத்தை உயர்த்தினால் விலகும். சில ஆலைகளில் அம்மோனியாவைப் பிரித்துவிட்டு இரண்டாம் கட்டத்துக்கு அனுப்புகிறார்கள். சிலவற்றில் பிரிக்காமலே அனுப்பி, சற்று உயர்ந்த வெப்பநிலையில் இயக்குகிறார்கள்.

அமிலத்தின் வேகத்தைக் கவனித்தே ஆக வேண்டியதற்கு உயிர் சார்ந்த காரணமும் உண்டு. ஹைட்ரஜனேற்றம் வெப்பத்தை வெளிவிடும் வினை. வெப்பம் ஏறினால் வினை விரைகிறது. விரைந்தால் வெப்பம் மேலும் ஏறுகிறது. இதைத் தணிக்கவே வினையூக்கி அடுக்குகளுக்கு இடையில் குளிர்ந்த ஹைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். 1997ஆம் ஆண்டு ஜனவரி 21 அன்று கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் அருகிலுள்ள டாஸ்கோ ஏவன் சுத்திகரிப்பு ஆலையில், ஹைட்ரோகிராக்கரின் வெப்பநிலை கட்டுமீறி ஏறியது. கலனிலிருந்து வெளியேறும் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. கலனின் அடியில் இருந்த வெப்பமானிப் பலகையைப் பார்க்கச் சென்ற ஊழியர் உயிரிழந்தார். 46 பேர் காயமுற்றனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. வினையூக்கியின் திறன் பற்றிய கணக்கு, ஆய்வகத் தாளோடு நின்றுவிடும் கணக்கு அன்று.

அமிலத்தை அளத்தல்

கரைசல் என்றால் பி.எச். தாள் போதும். திண்மப் பொருளின் அமிலத்தை எப்படி அளப்பது? லூயி ஹாம்மட் 1932இல் வலிமையான அமிலங்களுக்கென நிறங்காட்டிகளைக் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். 1950களில் ஷெல் நிறுவனத்தின் பெனேசி போன்றோர் அந்த நிறங்காட்டிகளைத் திண்ம வினையூக்கிகளுக்குப் பயன்படுத்தி, பியூட்டைலமீனால் தரம் பார்த்தனர். 1963இல் பாரி என்பவர் பிரிடினை வினையூக்கியில் ஒட்டச்செய்து அகச்சிவப்பு நிறமாலை எடுத்தார். பிரான்ஸ்டட் அமிலத்தில் ஒட்டிய பிரிடின் 1545 என்ற அலை எண்ணை ஒட்டியும், லூயி அமிலத்தில் ஒட்டியது 1450ஐ ஒட்டியும் தனித்தனி முகடுகளைத் தந்தன. அம்மோனியாவை ஏற்றிவிட்டுப் படிப்படியாகச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்ப்பது இன்றும் வழக்கத்தில் உள்ளது. அமிலத்துக்கு வகை, எண்ணிக்கை, வலிமை என மூன்று தனித்தனி அளவுகள் உண்டு என்பது இச்சோதனைகளால் தெளிவாயிற்று.

ஜியோலைட்டின் வருகை

சிலிகா-அலுமினாவில் அமில இடங்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். ஜியோலைட்டிலோ அவை படிக ஒழுங்கில் அமைந்த நுண்துளைகளுக்குள் இருக்கின்றன. யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் மில்டன் 1949ஐ ஒட்டிச் செயற்கை ஜியோலைட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். டொனால்ட் பிரெக் 1954இல் ஒய் வகையை உருவாக்கினார். மோபில் நிறுவனத்தின் சார்லஸ் பிளாங்கும் எட்வர்டு ரோசின்ஸ்கியும் அருமண் உலோகங்களைச் சேர்த்த ஜியோலைட்டைப் பிளப்பு வினையூக்கியாக்கினார்கள். 1962இல் அது சந்தைக்கு வந்தது. சிலிகா-அலுமினாவைவிட அதன் செயல்திறன் பன்மடங்கு அதிகம். 1960களிலேயே ஹைட்ரோகிராக்கிங் துறையும் ஒய் ஜியோலைட்டை ஏற்றுக்கொண்டது.

ஆனால் வலிமை வந்ததும் புதிய குறைகள் தெரிந்தன. ஒய் ஜியோலைட்டின் துளைவாய் ஏறத்தாழ 0.74 நானோமீட்டர். கன எண்ணெயின் பெரிய வளைய மூலக்கூறுகளுக்கு அது குறுகலான வாசல். உள்ளே நுழைந்த மூலக்கூறு வெளியேறுமுன் மறுபடியும் மறுபடியும் வெட்டுப்பட்டு நாப்தாவாகவும் வாயுவாகவும் போயிற்று. நீராவியில் சூடாக்கினால் சட்டகம் சரியும் ஆபத்தும் இருந்தது.

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1960களில் கிரேஸ் நிறுவனத்தின் மெக்டேனியலும் மாகரும் அம்மோனியம் ஏற்றிய ஒய் ஜியோலைட்டை நீராவியில் பதப்படுத்தி, சட்டகத்திலிருந்து அலுமினியத்தின் ஒரு பகுதியை வெளியேற்றினார்கள். சட்டகம் வலுவிழக்கும் என்று தோன்றும்; ஆனால் அது உறுதிப்பட்டது. அலுமினியம் குறைவதால் அமில இடங்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் அக்கம்பக்கத்தில் வேறு அலுமினியம் இல்லாமல் தனித்து நிற்கும் ஒவ்வோர் இடத்தின் வலிமையும் கூடுகிறது. அலுமினியம் வெளியேறிய பள்ளங்கள் சேர்ந்து பெரிய துளைகளாகி, கனமான மூலக்கூறுகள் வந்துபோக வழிவிட்டன. புதிதாகத் தயாரித்த ஒய் ஜியோலைட்டின் அலகுக் கூட்டின் பக்க அளவு சுமார் 24.65 ஆங்ஸ்ட்ராம், அலுமினியத்தை நன்கு நீக்கியதில் 24.3ஐ ஒட்டி இருக்கும். வினையூக்கித் தயாரிப்பாளர்கள் இந்தச் சிறு வேறுபாட்டைப் பார்த்தே அமிலத்தின் அளவைக் கணிக்கிறார்கள்.

கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இதுவரை கண்டதைத் தொகுத்துப் பார்ப்போம். அமில இடங்கள் மிகுதியாக இருந்தால் வினை குறைந்த வெப்பநிலையிலேயே நடக்கும். ஆனால் வெட்டு மீறிப்போய் நாப்தாவும் வாயுவும் பெருகும். பெட்ரோல் முதன்மையான தேவை என்றால் இது நல்லதே. டீசலும் விமான எரிபொருளும் வேண்டும் என்றால் அமிலத்தைக் குறைக்க வேண்டும். அமிலம் மிதமான சிலிகா-அலுமினா அதிக டீசல் தரும். ஆனால் வெப்பநிலையை உயர்த்த வேண்டும். இன்றைய வினையூக்கிகள் பல, அலுமினியம் குறைத்த ஒய் ஜியோலைட்டையும் சிலிகா-அலுமினாவையும் வேண்டிய விகிதத்தில் கலந்து நடுவழியில் செல்கின்றன.

உலோகத்தின் அளவும் கணக்கில் சேரும். உலோகம் போதாவிட்டால் அமிலம் ஆல்க்கீன்களை விடாமல் வெட்டும், கரியும் படியும். உலோகம் போதுமான அளவு இருந்தால், நீண்ட சங்கிலி ஒருமுறை வெட்டுப்பட்டதும் விடுபட்டு வெளியேறும். 1964இல் கூன்ராட், கார்வுட் ஆகியோர் பிளாட்டினம் ஏற்றிய சிலிகா-அலுமினாவில் ஹெக்சாடெக்கேனைச் செலுத்தியபோது, விளைபொருள்கள் எட்டுக் கார்பனுக்கு இருபுறமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தன. ஒரே வெட்டு என்பதன் அடையாளம் இது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இவ்வினையூக்கிகளுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

நெருக்கத்துக்கும் ஓர் அளவு

உலோகமும் அமிலமும் எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது வைசுக்குப் பிறகு பொதுவான நம்பிக்கையாக இருந்தது. 2015இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைத் திருத்தியது. ஒரு மாதிரியில் பிளாட்டினத்தை ஒய் ஜியோலைட் படிகத்துக்குள்ளேயே வைத்தார்கள். இன்னொன்றில் படிகத்தை ஒட்டியுள்ள அலுமினாவில் வைத்தார்கள். தொலைவு நானோமீட்டர் கணக்கில்தான். நீண்ட சங்கிலிகளுக்கு இரண்டாவதே மேலாக இருந்தது. படிகத்துக்குள் ஆழத்தில் ஆல்க்கீன் பிறந்தால், வெளியே வருமுன் வழியிலுள்ள அமில இடங்களில் தேவையில்லாமல் வெட்டுப்படுகிறது. வெளியில் பிறந்தால், படிகத்தின் ஓரத்து அமிலத்தை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அமிலம் எவ்வளவு என்பதோடு, உலோகத்திலிருந்து எங்கே என்பதும் கேள்வியாயிற்று.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் ஹைட்ரோகிராக்கர் 1993இல் குஜராத்தின் கொயலியிலுள்ள இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில் இயங்கத் தொடங்கியது. சென்னை மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையிலும் ஹைட்ரோகிராக்கர் உண்டு. இந்தியாவில் பெட்ரோலைவிட டீசலின் தேவை அதிகம் என்பதால் மிதமான அமிலத்துக்கு இங்கே மதிப்பு மிகுதி. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 தரம், டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தது. ஹைட்ரோகிராக்கரிலிருந்து வரும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. இந்த மாற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு.

சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயையும் தாவர எண்ணெயையும் விமான எரிபொருளாக்கும் முறைகளும் இன்று வளர்ந்து வருகின்றன. அந்த எண்ணெய்களின் ஆக்சிஜனை நீக்கிய பிறகு கிடைக்கும் நீண்ட நேர்ச்சங்கிலிகளைக் கிளைக்கச் செய்து, சற்றே வெட்ட வேண்டும். அங்கும் தேவைப்படுவது உலோகமும் அமிலமும் சேர்ந்த இதே வினையூக்கிதான். அமிலம் கூடினால் விமான எரிபொருள் குறைந்து வாயு மிகும். குறைந்தால் எரிபொருள் உயர வானின் குளிரில் உறையும். மூலப்பொருள் மாறினாலும், அமிலத்தின் அளவைத் தேடும் வேலை தொடர்கிறது.